கவுட் வந்த மூட்டுல கிருமியே இல்ல, அப்புறம் ஏன் இப்படி எரியுது?

கவுட்ங்கற மூட்டுவாதம் வந்தவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, கதை ஒரே மாதிரிதான் இருக்கும். ராத்திரி நல்லாத்தான் படுத்தேன், நடுராத்திரி முழிப்பு வந்து பார்த்தா கால் கட்டைவிரல் மூட்டு செக்கச்செவேல்னு வீங்கியிருக்கு, போர்வை நுனி பட்டாக்கூட உயிர் போகுதும்பாங்க. பார்க்க அப்படியே சீழ் புடிச்ச மாதிரி இருக்கும். ஆனா அந்த மூட்டுல இருந்து நீர் எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சா பாக்டீரியா எதுவும் கெடைக்காது, ஊசி ஊசியா யூரிக் ஆசிட் படிகமும் அதைச் சுத்தி மொய்க்கிற வெள்ளை அணுக்களும்தான். கிருமி வந்தா நடக்குற அத்தனை கலாட்டாவும் கிருமியே இல்லாம எப்படி நடக்குது?

இதுக்கு நம்ம செல்லுங்க கிருமிய எப்படி அடையாளம் காணுதுன்னு பார்க்கணும். ஆன்டிபாடி, டி செல் எல்லாம் புது கிருமியப் பார்த்து தயாராகி வர நாள் கணக்கா ஆகும், அதுவரைக்கும் சமாளிக்கிறது பொறக்கும்போதே இருக்கற படை, மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் மாதிரி ஆளுங்க. 1989ல சார்ல்ஸ் ஜேன்வேங்கற விஞ்ஞானி ஒண்ணு சொன்னாரு, கிருமிங்ககிட்ட பொதுவா இருக்கற ஆனா நம்மகிட்ட இல்லாத சில வடிவங்கள் இருக்கு, அதைத் தொட்டுப் பார்த்து மணியடிக்கிற ரிசெப்டர் இந்த செல்லுங்ககிட்ட கட்டாயம் இருக்கணும்னு. அப்போ வெறும் ஊகம்தான். ஆதாரம் வந்தது ஈ கிட்ட இருந்து. ஈயோட கருவுல முதுகு எது வயிறு எதுன்னு தீர்மானிக்கிற 'டோல்'னு ஒரு ஜீன் ஏற்கெனவே தெரியும், 1996ல ஹாஃப்மன் குழு அந்த ஜீன் கெட்டுப்போன ஈயெல்லாம் பூஞ்சைக்குத் தாக்குப்பிடிக்காம செத்துப்போறதைக் காட்டினாங்க. அடுத்த வருஷமே ஜேன்வேயும் மெட்ஜிடோவும் மனுஷங்ககிட்டயும் இதே குடும்பத்து ரிசெப்டர் வேலை செய்யுதுன்னு காட்டினாங்க, 1998ல பாய்ட்லர் பாக்டீரியா நஞ்சை ஊசி போட்டாலும் கண்டுக்காத ஒரு எலி வகையில டிஎல்ஆர்4 (டோல் மாதிரி ரிசெப்டர்ல 4ஆம் நம்பர்) ஜீன்தான் பழுதுன்னு கண்டுபிடிச்சாரு. 2011 நோபல்ல பாய்ட்லர், ஹாஃப்மன் பேரு வந்துச்சு, ஜேன்வே அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.

மனுஷங்களுக்கு இந்த மாதிரி டோல் ரிசெப்டர் 10 இருக்கு. டிஎல்ஆர்4 செல்லோட வெளித்தோல்ல நின்னு பாக்டீரியா சுவர்ல இருக்கற எல்பிஎஸ்ங்கற அந்த நஞ்சப் பார்க்கும், டிஎல்ஆர்5 பாக்டீரியாவோட வால் புரோட்டீனைப் பார்க்கும். 3, 7, 8, 9 மட்டும் செல்லுக்குள்ள, முழுங்கினதை செரிக்கிற பைக்குள்ள இருக்கு. ஏன்னா இதுங்க பார்க்குறது ஆர்என்ஏ, டிஎன்ஏ, அது நம்மகிட்டயும்தான் நெறைய கெடக்கு. நம்மளோடது சாதாரணமா அந்தப் பைக்குள்ள போகாது, கிருமியோடது முழுங்கப்பட்டு வந்து சேரும். அதாவது ஆள் யாருன்னு பார்க்குறத விட, ஆள் எந்த எடத்துல நிக்கிறாருன்னு பார்த்துத்தான் பாதி முடிவு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான், அதேசமயம் ஓட்டையும் இங்கதான். லூபஸ்ங்கற, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்ல, சொந்த டிஎன்ஏ, ஆர்என்ஏவ ஆன்டிபாடியே ஒட்டிப் புடிச்சு அந்தப் பைக்குள்ள கொண்டுபோய் விட்டுடும், ரிசெப்டருக்கு வித்தியாசம் தெரியாது. 2022ல ஒரு பொண்ணுக்கு சின்ன வயசுலயே வந்த லூபஸுக்கு, டிஎல்ஆர்7ல ஒரே ஒரு எழுத்து மாறி அது அதிகமா துடிச்சதே காரணம்னு கண்டுபிடிச்சாங்க.

சரி, கட்டைவிரலுக்கு வருவோம். ரத்தத்துல யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் தாண்டினா கரையாம படிய ஆரம்பிக்கும், கால் நுனி உடம்பை விட கொஞ்சம் குளிர்ச்சிங்கறதால அங்க இன்னும் ஈஸி. மேக்ரோஃபேஜ் அந்த ஊசிய குப்பைன்னு நெனச்சு முழுங்குது. செரிக்க முடியல, செரிமானப் பை கிழியுது, செல்லுல இருந்து பொட்டாசியம் வெளிய கசியுது. அப்போ என்எல்ஆர்பி3ங்கற இன்னொரு ரிசெப்டர் முழிச்சுக்குது. இது தேடுறது எந்தக் கிருமியையும் இல்ல, உள்ள ஏதோ ஒடஞ்சிருக்குங்கறதை மட்டும்தான். அது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து செல்லுக்குள்ள ஒத்தைப் புள்ளியா திரளும், மைக்ராஸ்கோப்ல தனியாவே தெரியும், இதுக்குப் பேரு இன்ஃப்ளமசோம். 2002ல யூர்க் சோப்ங்கற விஞ்ஞானி வச்ச பேரு, 2006ல அவர் குழுதான் கவுட் படிகம் இதைத் தூண்டுதுன்னும் சொன்னாங்க. அந்தப் புள்ளியில காஸ்பேஸ்-1ங்கற கத்திரி உயிர் பெற்று, அழற்சிய கெளப்புற ஐஎல்-1 பீட்டாங்கற சிக்னல் புரோட்டீனை வெட்டி ரெடி பண்ணும், கூடவே கேஸ்டெர்மின் டிங்கற புரோட்டீனையும் வெட்டும், அது செல்லோட தோல்லயே ஓட்டை போடும், அது வழியா ஐஎல்-1 பீட்டா வெளிய கொட்டும், பல நேரம் செல்லே வெடிச்சுடும். ரத்தக்குழாய் விரியுது, நியூட்ரோஃபில் படையெடுத்து வருது, அந்த செவப்பும் சூடும் வலியும் அதோட வேலைதான்.

ஒரு விஷயம் விட்டுட்டேன், ஐஎல்-1 பீட்டாவ முதல்ல தயாரிச்சு வைக்கணுமே, அந்த ஆர்டர் வர்றது டோல் ரிசெப்டர் பக்கம் இருந்து. ரெண்டு பூட்டு மாதிரி. மூட்டுல படிகம் இருந்தும் சிலருக்கு வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதே கதை ரத்தக்குழாய் சுவர்லயும் ஓடுது, அங்க யூரிக் ஆசிட்டுக்குப் பதிலா கொலஸ்ட்ரால் படிகம். அப்போ ஐஎல்-1 பீட்டாவ அடைச்சா ஹார்ட் அட்டாக் குறையுமா? ஏற்கெனவே அட்டாக் வந்த 10,061 பேர வச்சு பெரிய டெஸ்ட் பண்ணாங்க, கனகினுமாப்னு ஐஎல்-1 பீட்டாவ அடைக்கிற ஒரு ஆன்டிபாடி மருந்து, 2017ல ரிசல்ட். 150 மில்லிகிராம் டோஸ்ல அட்டாக், ஸ்ட்ரோக், இதய மரணம் மூணும் சேர்த்து 15 சதவீதம் கொறஞ்சுது, கொலஸ்ட்ரால் அளவு எறங்காமலே. ஆனா தொற்று வந்து செத்தவங்க மருந்து எடுத்தவங்கள்ல அதிகம், மொத்த சாவுக் கணக்குல வித்தியாசம் இல்ல. இம்யூனிட்டி பூஸ்டர்னு டப்பா விக்கிறவங்கள பார்த்தா இதுக்கு மேல எதை பூஸ்ட் பண்ணப் போறீங்கன்னு கேக்கத் தோணும், கட்டைவிரல்ல பூஸ்ட் ஆனதுதானே இவ்ளோ பாடு.

அமெரிக்காவுல அந்த மருந்தை இதயத்துக்குக் குடுக்க 2018ல அனுமதி மறுத்துட்டாங்க. 2023ல இதயத்துக்குன்னு ஒப்புதல் கெடைச்சது, கவுட்டுக்கு ரொம்ப காலமா குடுத்துட்டு வர்ற கோல்சிசினுக்கு, ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம்.