கராஜ் ராக்: கொட்டிலா, கொட்டகையா?

‘உள்ளூர் கராஜ் ராக் குழுவின் புதிய ஆல்பம், வேகமும் துடிப்புமாக வந்திருக்கிறது.’ இசை விமர்சனங்களில் இந்த மாதிரி வரிகள் அடிக்கடி கண்ணில் படும். வேகம் புரிகிறது, துடிப்பும் புரிகிறது. நடுவில் கராஜுக்கு என்ன வேலை? 1960களின் அமெரிக்க இளைஞர் குழுக்களிடம் உருவான இந்த முரட்டு ராக் இசையின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சில் ‘கரே’ என்றொரு வினை உண்டு. பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்துவது என்று பொருள். முதலில் படகுகளைக் கரை ஒதுக்கிக் கட்டுவதற்கு வழங்கியது, பிறகு வண்டிகளுக்கும் வந்தது. அதற்கும் அடியில் ‘காத்தல்’ என்ற பொருளுடைய பழைய ஜெர்மானிய வேர் இருக்கிறது. காவலரைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கார்டு’ம் அதே வேரில் கிளைத்ததுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், கராஜ் என்ற சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

நம் ஊர்ப் பேச்சில் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இலங்கையில் கராஜ் என்றால் பெரும்பாலும் வாகனம் திருத்துமிடம். தமிழ்நாட்டிலும் ‘வண்டியை ஷெட்ல விட்டிருக்கேன்’ என்றால் மெக்கானிக்கிடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் கராஜ் ராக்கில் வரும் கராஜ், அமெரிக்க வீடுகளோடு ஒட்டியிருக்கும் கார் நிறுத்துமிடம். மெக்கானிக்குக்கும் இந்த இசைக்கும் சம்பந்தம் இல்லை.

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதைச் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்கு முன்பே ஊருக்கு ஊர் இளைஞர் குழுக்கள் இருந்தன. அதற்குப் பிறகு அது ஒரு காய்ச்சலாகவே பரவியது. பள்ளி மாணவர்கள் கிட்டார் வாங்கினார்கள். சரி, எங்கே பழகுவது? டிரம்ஸ் சத்தத்தை வீட்டுக்குள் யார் பொறுப்பார்கள்? காரை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜில் புகுந்தார்கள். எல்லாக் குழுவும் அப்படி என்று சொல்ல முடியாது. நிலவறையிலும் கூடத்திலும் பழகியவர்களும் உண்டு. பெயர் மட்டும் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த இசையின் முரட்டுத்தனத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1963இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் கிங்ஸ்மென் குழு ‘லூயி லூயி’ பாட்டைப் பதிவு செய்தது. செலவு சுமார் 50 டாலர். பாடகர் ஜாக் ஈலி, உயரத்தில் தொங்கிய மைக்கை அண்ணாந்து பார்த்துக் கத்தினார். சொற்கள் குழம்பிப் போயின. குழம்பிய இடத்தில் ஆபாசம் இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வரை விசாரணை போனது. இசைத்தட்டை எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் புரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு! பாட்டோ தேசிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

அடுத்தது வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்து சோனிக்ஸ். என் கணக்கில் கராஜ் ராக்குக்கு இவர்களை விடச் சரியான இலக்கணம் கிடையாது. 1965இல் வந்த முதல் ஆல்பத்தில் 12 பாட்டு, மொத்தமாக அரை மணி நேரம்கூட ஓடாது. டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக். பாடகர் ஜெர்ரி ரோஸ்லி பாடுகிறாரா அலறுகிறாரா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அடுத்த ஆல்பத்தின் பதிவில், ஒலியை அடக்குவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளையே பிய்த்தெறிந்தார்கள், சத்தம் இன்னும் மோதட்டும் என்று. ஊர் நடன அரங்குகளில் வாசித்துப் பழகிய குழு அது. பாட்டு வேகமாகவும் சின்னதாகவும் இருந்ததற்கு அந்த நடனங்கள் ஒரு காரணம், இரண்டு மூன்று நிமிடமே பிடிக்கும் சின்ன இசைத்தட்டு இன்னொன்று.

அந்தப் பையன்கள் யாரும் தங்களைக் ‘கராஜ் ராக் குழு’ என்று சொல்லிக்கொண்டதில்லை. 1970களின் தொடக்கத்தில் விமர்சகர்கள் இந்த இசைக்கு வைத்த பெயர் ‘பங்க் ராக்’. லென்னி கே தொகுத்து 1972இல் வெளியான ‘நக்கெட்ஸ்’ என்ற 27 பாட்டுத் தொகுப்பின் குறிப்பிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அப்புறம் ரமோன்ஸ், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுக்கள் வந்து பங்க் என்ற பெயரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பழைய இசைக்கு வேறு பெயர் தேவைப்பட, கராஜ் நிலைத்தது. 2001 வாக்கில் டெட்ராய்ட்டின் வைட் ஸ்ட்ரைப்ஸ், சுவீடனின் ஹைவ்ஸ் போன்ற குழுக்கள் அதே பாணியைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர்களுக்கும் இதே முத்திரை விழுந்தது. பழைய குழுக்களிடம் பணமும் கருவியும் இல்லை. பின்னால் வந்த பலர் நல்ல வசதி கைக்கு எட்டியும் பழைய கருவிகளைத் தேடிப்போய் இப்படிப் பதிவு செய்தார்கள். இன்றைக்குக் கராஜ் என்பது இடத்தை விட ஒலியைத்தான் அதிகம் குறிக்கிறது.

இனி தமிழ். ‘ராக்’கைப் ‘பாறை இசை’ என்று எழுதுவது பிழை. இந்த ‘ராக்’ ஆடுதல், அசைதல் என்ற வினையிலிருந்து வந்தது, கல்லுக்கும் அதற்கும் உறவில்லை. ‘ராக்’ என்றே விட்டுவிடலாம், எல்லோருக்கும் பழகிய சொல். கராஜுக்கு முதலில் தோன்றுவது ‘கொட்டகை’. ஆனால் தமிழில் கொட்டகை என்றதும் நாடகக் கொட்டகை, டூரிங் கொட்டகை, கல்யாணக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். எல்லாம் கூட்டம் கூடும் இடங்கள். கராஜில் கூட்டம் ஏது? அங்கே கேட்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும், அதுவும் விருப்பம் இல்லாமல். மாட்டுக் கொட்டில், வண்டிக் கொட்டில் என்று வழங்கும் ‘கொட்டில்’ இங்கே பொருந்தும். வீட்டை ஒட்டியது, காத்து வைப்பதற்கானது, அலங்காரம் இல்லாதது. எனவே ‘கொட்டில் ராக்’ என்பது என் தேர்வு. முதல் தடவை ‘கராஜ் ராக் எனப்படும் கொட்டில் ராக்’ என்று எழுதிவிட்டால் வாசகருக்குக் குழப்பம் வராது. ‘பட்டறை ராக்’ என்று எழுதினால் மறுபடி மெக்கானிக்கிடம் போய் நிற்போம்.

எழுத்துக்கூட்டலில் கராஜ், கேரேஜ் இரண்டும் வழக்கில் உண்டு. பிரெஞ்சு ஒலிக்கு நெருக்கமானது கராஜ்.

‘யுகே கராஜ்’ என்று எங்காவது வந்தால் மட்டும் கொட்டிலைத் தொட வேண்டாம். அது மின்னணு நடன இசை. நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை இயங்கிய ‘பாரடைஸ் கராஜ்’ என்ற இரவு விடுதியின் பெயர் வழியாக வந்தது. விடுதி இருந்த கட்டடம் அதற்கு முன்பு நிஜமாகவே கார் நிறுத்துமிடமாக இருந்தது என்பது வேறு விஷயம்.