98 காட்டினால் போதுமா?

கர்ப்பப்பை எடுக்கவோ பல் சுத்தம் செய்யவோ நாயைக் கொண்டுவருகிறவர்கள் ஊட்டியில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “டாக்டர், மயக்கத்துல இருந்து எந்திரிச்சிடும்ல?” நியாயமான கேள்வி. ஆனால் “மயக்கத்துல இருக்கறப்ப மூச்சை எதை வெச்சுப் பார்க்கறீங்க?” என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மழைநாளில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு லாப்ரடார் வந்தது. எட்டு வயது, 38 கிலோ; லைன் வீடுகளில் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டு வளர்த்த உடம்பு. கர்ப்பப்பையில் சீழ். மல்லாக்கப் படுக்கவைத்து ஆபரேஷன் நடக்கிறது. நாக்கில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம். “சூப்பரா இருக்கு சார்” என்றார் உதவியாளர்.

என் கண் மயக்க மெஷினின் ரப்பர் பையில் இருந்தது. மூச்சுக்கு மூச்சு அது சுருங்கிப் புடைக்க வேண்டும். அதுவோ ஓரம் லேசாக நடுங்கியதோடு சரி. கேப்னோகிராஃபைப் பார்த்தேன்: வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு 64. இருக்க வேண்டியது 35 முதல் 45 மி.மீ. பாதரசம்.

நாய் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி காற்று இழுக்க வேண்டும். மயக்கம் ஆழமானாலோ, கொழுப்பும் வீங்கிய கர்ப்பப்பையும் உதரவிதானத்தை அழுத்தினாலோ மூச்சு மேலோட்டமாகிவிடும். இழுத்த காற்றில் பெரும்பங்கு மூச்சுக்குழலோடு திரும்பிவிடும்; கழிவு வாயு உள்ளேயே தேங்கும். ஆனாலும் சுத்தமான ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் 98 அசையாது. ஆக்ஸிமீட்டர் பொய் சொல்லவில்லை. மூச்சைப் பற்றி அதனிடம் கேட்டதுதான் நம் தப்பு.

மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனைக் குறைத்து, பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் கார்பன் டை ஆக்சைடு 46க்கு இறங்கியது.

அந்த 64ஐக் கவனிக்காமல், ஆபரேஷன் முடிந்ததும் ஆக்சிஜனைக் கழற்றியிருந்தால்? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. இருக்கும் காற்றழுத்தம் இங்கே 580 பக்கம்தான். அதே 64 உள்ள நாய் வெறும் காற்றைச் சுவாசித்தால், நுரையீரலின் காற்றறையில் ஆக்சிஜன் அழுத்தம் சென்னையில் சுமார் 70 இருக்கும். இங்கே 30தான் தேறும். சென்னையில் சமாளித்துவிடும் நாய்க்கு இங்கே நாக்கு நீலம் பாரிக்கும். நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலைக்கு வந்த புதிதில் ஒரு பக் நாய்க்கு அவசரப்பட்டு மூச்சு ட்யூபை உருவிவிட்டு, நீலமான நாக்கைப் பார்த்துக் கை உதற மறுபடி ஆக்சிஜன் வைத்தேன். பிழைத்தது.

சக டாக்டர்களுக்கு ஒன்று: உங்கள் கேப்னோகிராஃப் சதவீதத்தில் காட்டுகிறதா? 40 மி.மீ. கடல்மட்டத்தில் 5.3 சதவீதம், இங்கே கிட்டத்தட்ட 7. கீழ்நாட்டுக் கணக்கை அப்படியே பார்த்தால், நன்றாக மூச்சு விடும் நாய்க்கும் வீணாகப் பையை அழுத்திக்கொண்டிருப்பீர்கள்.

வளர்ப்பவர்கள் தூக்கத்தில் குறட்டை, மேடு ஏறும்போது இளைப்பு, இருமல் எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். கேப்னோகிராஃப் இல்லாத இடமானால், மார்பையும் பையையும் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ஓர் ஆள் உண்டா என்று கேளுங்கள். கண் விழித்ததுமே கூட்டிப் போகத் துடிக்காதீர்கள்.

லாப்ரடாரின் சொந்தக்காரர் அன்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். “ஜீப்புக்கு வெயிட்டிங் ஏறுது சார், தலையத் தூக்கிப் பாக்குதே, போலாமா?” ஆக்சிஜன் இல்லாமல் முழுதாக ஒரு மணி நேரம் நாக்கு ரோஜா நிறமாகவே இருந்தது. அப்புறம்தான் அனுப்பினேன்.