படகு ஃபிரிட்ஜ்: பேட்டரியில் 12 வோல்ட், கம்ப்ரசரில் எவ்வளவு?

மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகொன்றைப் பராமரிக்கும் வாசகர் கேட்கிறார்: “ஃபிரிட்ஜ் குளிர்வதில்லை. கம்ப்ரசர் சில நொடிகள் ஓடி நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மறுபடி முயல்கிறது. பேட்டரியில் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. கேஸ் தீர்ந்திருக்கும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். ஓட ஓடத் தீர்ந்துபோக ஃபிரிட்ஜ் கேஸ் பெட்ரோல் அல்ல. மூடிய குழாய்க்குள் அழுத்தப்பட்டு, வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, பெட்டிக்குள் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொண்டு திரும்பும் அதே வாயுதான் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கசிந்தால்தான் குறையும். கசிந்தாலும் பெரும்பாலும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், குளிர்தான் வராது. “எதற்கும் கொஞ்சம் கேஸ் போட்டுப் பார்ப்போம்” என்பதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் எழுதுவேன். அதற்கு எலுமிச்சம்பழம் கட்டிவிடுவது மேல். அது எதையும் கெடுக்காது.

படகுகளில் பரவலாக இருப்பவை டான்ஃபாஸ் உருவாக்கிய பிடி35, பிடி50 வகைக் கம்ப்ரசர்கள். அவற்றின் பக்கவாட்டில் சிறிய மின்னணுப் பெட்டி ஒன்று உண்டு. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு ஏற்ற மூன்று கட்ட மின்சாரமாக்குவது அதுதான். காவல் வேலையும் அதனுடையதே. 12 வோல்ட் அமைப்பில், வழக்கமான அமைவுப்படி, தன்னிடம் வந்துசேரும் மின்னழுத்தம் 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும், 11.7 வோல்ட்டுக்கு ஏறினால்தான் மறுபடி ஓடவிடும். பேட்டரி அடியோடு காலியாகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

‘தன்னிடம் வந்துசேரும்’ என்பதில்தான் வாசகரின் சிக்கல் இருக்கிறது. பேட்டரியிலிருந்து அந்தப் பெட்டிவரை வயர், ஃபியூஸ், சுவிட்ச், லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) என எத்தனையோ இணைப்புகள். உப்புக் காற்று ஒவ்வொன்றையும் அரிக்கிறது. செம்பு பச்சை பூக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து வெறும் 0.4 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ஓடாதபோது மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை. ஓம் விதிப்படி மின்னோட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. எனவே எங்கே மீட்டர் வைத்தாலும் 12.3 வோல்ட். உப்படைத்த குழாயிலும் தண்ணீர் ஓடாதவரை அழுத்தம் முழுதாகத் தெரிவது போலத்தான்.

கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும் 5 × 0.4 = 2 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. பெட்டிக்குக் கிடைப்பது 10.3. காவல் விழித்து மோட்டாரை நிறுத்துகிறது. நிறுத்தியதும் இழப்பு மறைந்து 12.3 திரும்புகிறது. “சரியாகிவிட்டதே!” என்று மறுபடி ஓடவிட, மறுபடி வீழ்ச்சி. தன் செயலே தடயத்தை அழிக்கும் இந்தச் சுழற்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. கூடுதலாக ஒன்று: மோட்டாரை ஒரே வேகத்தில் ஓட்ட முயலும் மின்னணுப் பெட்டி, மின்னழுத்தம் குறையும்போது அதிக மின்னோட்டம் இழுக்கிறது. அதனால் இழப்பு இன்னும் கூடுகிறது. அந்த 0.4 ஓமில் வீணாவது 10 வாட். மோசமான இணைப்பு கைக்கே சூடாகத் தெரியலாம்.

எனவே மீட்டரைப் பேட்டரியில் அல்ல, மின்னணுப் பெட்டியின் முனைகளில், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வையுங்கள். பேட்டரியில் 12க்கு மேல் இருக்க, இங்கே 10.4க்குக் கீழே இறங்கினால் நோய் பெரும்பாலும் வயரில். பிறகு மீட்டரின் இரு முனைகளையும் ஒரே இணைப்பின் இருபுறமும் வைத்து, கம்ப்ரசர் கிளம்பும்போது பாருங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டுவதே குற்றவாளி. எதிர்முனை வயரையும் விடாதீர்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வயரும் ஒல்லியாக இருக்கக் கூடாது: பேட்டரி 6 மீட்டர் தள்ளி இருந்தால் 12 வோல்ட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். வெள்ளீயம் பூசியது கிடைத்தால் நல்லது.

மின்னணுப் பெட்டியில் சிறிய எல்இடி விளக்கு இணைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒற்றைச் சிமிட்டல் என்றால் மின்னழுத்தக் குறைவு. இரண்டு என்றால் விசிறியில் கோளாறு. மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை. ஐந்து என்றால் மின்னணுப் பெட்டி சூடேறிவிட்டது, காற்றோட்டத்தைப் பாருங்கள்.

இணைப்புகளைச் சரிசெய்த பிறகு கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். கேஸ் போடும் முன் கசிவைக் காட்டச் சொல்லுங்கள்.