ஜிங்கோயிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

நாட்டுப்பற்றின் பெயரால் போருக்குத் துடிக்கும் போக்கே ஜிங்கோயிசம். அதை நம் பத்திரிகைகள் ‘தேசவெறி’, ‘தீவிரத் தேசியம்’, ‘பேரினவாதம்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. சொல் பிறந்த கதையைப் பார்த்தால் எது பொருந்தும் என்பது விளங்கும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஜிங்கோ’ செப்படி வித்தைக்காரரின் வாய்ச்சொல். நம் ‘ஜீபூம்பா’ மாதிரி. பிறகு ‘பை ஜிங்கோ’ என்று ஆணையிடும் வழக்கு வந்தது. ‘சத்தியமாக’ என்று பொருள். பாஸ்க் மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல்லே மூலம் என்பாரும் உண்டு, சான்று போதாது.

அரசியலுக்குள் அது நுழைந்தது 1878இல். துருக்கியை வென்ற ரஷ்யப் படை அதன் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளை நெருங்கிவிட்டது. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்குவாரா என்று லண்டன் பரபரத்த நேரம். மெக்டெர்மாட் என்ற பாடகர் இசையரங்குகளில் ஒரு பாட்டைப் பாடிப் பிரபலமாக்கினார்: சண்டைக்கு ஆசையில்லை, ஆனால் ஜிங்கோ மேல் ஆணை, இறங்கினால் கப்பல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது! போர் வேண்டாம் என்ற முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளைக் கூட்டம் உடைத்தது. மார்ச் மாதம் ஒரு பத்திரிகைக் கடிதத்தில் ஜார்ஜ் ஹோலியோக் இவர்களை ‘ஜிங்கோக்கள்’ என்று அழைக்க, கேலியே பெயராகிவிட்டது.

ஆள் இருக்கிறதாம். யார் அந்த ஆள்? இந்தியாவிலிருந்து சுமார் 7,000 சிப்பாய்களை மால்டாவுக்குக் கப்பலேற்றினார்கள். ‘நாங்கள் வீட்டிலிருந்து பாடுவோம், சாதுவான இந்துவை அனுப்புவோம்’ என்று ஆங்கிலத்திலேயே எதிர்ப்பாட்டும் பிறந்தது. பணத்துக்கும் குறைவில்லை: படைச்செலவுக்கு நாடாளுமன்றம் 60 லட்சம் பவுன் ஒதுக்கியது. சென்னை மாகாணத்திலோ தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். கடைசியில் போரே நடக்கவில்லை. பெர்லினில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

ஆணையிட்டுப் போருக்கு எழுவது என்றதும் நமக்கு ‘வஞ்சினம்’, அதாவது சங்க கால மன்னர்களின் போர்ச் சூளுரை, நினைவுக்கு வரும். அது இதற்குச் சரிவராது. புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், புலவர் என் நாட்டைப் பாடாது விடட்டும் என்கிறான். பணயம் அவனுடைய பெயர். களத்தில் நிற்பவனும் அவன். ஜிங்கோ பணயம் வைப்பதோ ஊரார் பிள்ளையை.

‘தீவிரத் தேசியம்’ என்றால் வ.உ.சி.யையும் அதில் சேர்க்க நேரும். ‘பேரினவாதம்’ இலங்கைத் தமிழில் ஊன்றிய சொல். நாட்டுக்குள் பெரும்பான்மை இனம் செலுத்தும் ஆதிக்கத்துக்கே அதை விட்டுவைக்கலாம். ‘தேசவெறி’ நெருங்கி வருகிறது, ஆனால் சண்டைக்குத் துடிக்கும் அவசரம் அதில் இல்லை. என் தேர்வு ‘போர்வெறித் தேசியம்’. நீளம்தான், பரவாயில்லை. இராக் போரை பிரான்ஸ் எதிர்த்த கோபத்தில், 2003இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உணவகங்களில் ‘பிரெஞ்ச் ஃப்ரைஸ்’ என்பதை ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ ஆக்கினார்களே, அதையும் இந்தக் கணக்கில்தான் எழுதவேண்டும். பெயர் மாறியது உருளைக்கிழங்குக்கு என்றாலும் அவசரம் போருக்குத்தான்.