கங்காணி

மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள், பதவி உயர்ந்ததும் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லும் சொல் 'சுப்பவைசர்'. ஏறக்குறைய இதே வேலையைத் தேயிலை மலையில் செய்கிறவருக்குக் கங்காணி என்று பெயர். ஆக, சுப்பவைசருக்குத் தமிழ் தேடி அகராதி புரட்ட வேண்டியதில்லை. ஆனால் 'என்னைக் கங்காணி ஆக்கிவிட்டார்கள்' என்று எந்தப் பிள்ளையாவது சந்தோஷமாகச் சொல்லுமா? சொல்லாது. சொல்லின் பொருளில் ஒரு குறையும் இல்லை. அது மலை ஏறி வந்த பிறகு நடந்தவைதான் காரணம்.

எழுத்தில் இதன் பழைய வடிவம் கண்காணி. கண், காண், இ என்ற மூன்றும் சேர்ந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று பொருள். பேசும்போது 'ண்' பின்னால் வரும் 'க'வுக்கு இணங்கி 'ங்' ஆகிவிட்டது. கண்காணிப்பு, கண்காணிப்பாளர் எல்லாம் இதே குடும்பம்தான்.

பழைய நாளில் இது மரியாதையான சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. திருமூலரோ இதைக் கடவுளுக்கே வைத்தார். 'கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்' என்று தொடங்கும் திருமந்திரப் பாட்டில், கண்காணி இல்லாத இடமே இல்லை என்கிறார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பும் திருச்சபையின் பொறுப்பாளரைக் கண்காணி என்கிறது. பேதுருவின் நிருபத்தில் கிறிஸ்து 'மேய்ப்பரும் கண்காணியுமானவர்'. அங்கே மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் 'மேலிருந்து பார்ப்பவர்' என்றுதான் பொருள். ஆங்கிலத்தின் பிஷப் அதிலிருந்து வந்தது. சிங்களத்துக்குப் போய் கங்கானம ஆன இந்தச் சொல், கங்கானம்கே என்ற குடும்பப் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு தூரம் போன சொல் தன் சொந்தச் சனங்களிடம்தான் பெயர் கெட்டது.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் கிளம்பின. காடு வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வேண்டியிருந்தது. சொந்த ஊரில், சொந்தபந்தத்துக்குள் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடத்திக் கூட்டி வந்தவர்தான் கங்காணி. தோட்டம் வந்த பிறகு வேலை வாங்குகிறவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே, தோட்டத்தை நடத்தும் துரையிடம் நம் சார்பில் பேச வேண்டியவரும் அவரே. மேலே பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சிறு கூட்டங்களுக்குச் சில்லறைக் கங்காணிகள். தங்கள் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்குகிறார்களோ, அதற்கேற்ப கங்காணிமாருக்கும் காசு. காய்ச்சலோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருப்பவரை எழுப்பி மலைக்கு அனுப்புவதில் அவருக்கு லாபம் இருந்தது. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துவிட்டு, கங்காணி கெட்டவர் என்று மட்டும் சொன்னால் துரைமார் தப்பித்துவிடுவார்கள்.

இதோடு துண்டு என்று ஒன்று. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆள் தோட்டம் மாறினால் கடனும் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பெரிய கங்காணிமாரின் பிடியும் மெல்லத் தளர்ந்தது. பெயர் மட்டும் மலையில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு மிஞ்சியது.

சரி, மற்றச் சொற்கள் இதைவிட மேலா? சுப்பவைசர் இலத்தீனிலிருந்து வந்தது. 'மேல்' என்பதற்கும் 'பார்' என்பதற்கும் உரிய சொற்களின் கூட்டு. அதை அப்படியே தமிழில் வைத்தது மேற்பார்வையாளர். பெரிய துரையைக் கடிதங்களில் தோட்ட அத்தியட்சகர் என்று எழுதுகிறோமே, அந்த வடசொல்லுக்குள்ளும் கண்ணைக் குறிக்கும் 'அட்ச' இருக்கிறது. துரையிலிருந்து கங்காணி வரைக்கும் எல்லாரும் பார்க்கிறவர்கள்தான். கண் எதைப் பார்க்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பார்கள். அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் அரைப்பேர். 'கங்காணி ஐயா, இந்த நெரையில கொழுந்தே இல்லீங்க' என்று ஓர் அம்மா சொல்லும்போது, தராசை மட்டும் பார்த்து அரைப்பேர் போடச் சொல்கிறவரும் உண்டு. நெரையில், அதாவது அந்தத் தேயிலை வரிசையில், இறங்கிப் பார்த்து, மழையில்லாமல் கொழுந்து குறைந்திருப்பதைக் கணக்கப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்கிறவரும் உண்டு. ஊழியர் ஈடுபாடு என்று கம்பனிகள் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுப்பதில் பாதி இந்த இரண்டாமவருக்கு ஏற்கெனவே தெரியும். கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் யார் எந்த ரகம் என்று நன்றாகத் தெரியும். யாருடைய மலைக்கு மனமாகப் போவார்கள், யாருடைய மலைக்கு முனகிக்கொண்டு போவார்கள் என்று பார்த்தாலே போதும்.

அப்படியானால் எதை எழுதுவது? கடை, தொழிற்சாலை, அலுவலகம் என்றால் மேற்பார்வையாளர் போதும். பழைய கடன் கணக்கு எதுவும் அதன் முதுகில் இல்லை. கண்காணிப்பாளரும் பிழையில்லை. ஆனால் கண்காணிப்புக் கேமரா வந்த பிறகு அதில் சந்தேக வாடை அடிப்பதாக எனக்குப் படுகிறது. 'டீம் லீடர்' வேறு. அவர் கூடவே நின்று வேலை செய்கிறவர், குழுத் தலைவர் என்று எழுதலாம். தேயிலை மலையில் நிற்பவரைக் கங்காணி என்றே எழுதுங்கள். அதை மேற்பார்வையாளர் என்று திருத்துவது தேவையில்லாத வேலை, அங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அண்மைக் காலமாகச் சில தோட்டங்களில் பெண்களும் கங்காணி ஆகிறார்கள். கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்களே என்பதால் இது முன்பே நடந்திருக்க வேண்டும். அவர்களுக்காகப் புதுச் சொல் எதுவும் வேண்டாம். தொழிலாளி, படிப்பாளி போலக் கங்காணியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'பெண் கங்காணி' என்று எழுதினால் கங்காணி என்றாலே ஆண் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.