ஓடிசி மாத்திரைதானே, என்ன ஆகிடப் போகுது?

மருந்துக்கடையில் நிற்கிற எங்களிடம் தினமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். 'ஓவர் தி கவுண்டர்' என்று முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. ஓடிசி என்றாலே சாதுவான மாத்திரை, எத்தனை போட்டாலும் கெடுதல் இல்லை என்று ஒரு நினைப்பு.

அந்தப் பெயரில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1951 வரை, எதற்குச் சீட்டு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மருந்து கம்பெனிகளே முடிவு செய்தன. ஒரே மருந்தை ஒருவர் சீட்டோடும் இன்னொருவர் சீட்டில்லாமலும் விற்ற கூத்தெல்லாம் நடந்தது. அந்த வருடம் வந்த டர்ஹாம்-ஹம்ப்ரி திருத்தச் சட்டம்தான் கோடு கிழித்தது. கொண்டுவந்த இருவருமே மருந்தாளுநர்கள்; எங்கள் ஆட்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஹம்ப்ரி பிற்பாடு துணை அதிபரே ஆனார்.

நம் நாட்டு 1940ஆம் வருட மருந்துச் சட்டம் ஓடிசிக்குத் தனி விளக்கம் தரவில்லை. ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்ற பட்டியல்களில் உள்ள மருந்து என்றால் சீட்டு கட்டாயம். அவற்றில் வராததைத்தான் நடைமுறையில் ஓடிசி என்கிறோம்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் வாங்குகிறவர், மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரையும் கேட்பார். அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பொடி எழுத்தில் ஃபினைலெஃப்ரின், குளோர்பெனிரமைன், கூடவே பாராசிட்டமால் 500 இருக்கும். இரண்டையும் நாலு வேளை போட்டால் 4.6 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4 கிராம்தான். குடிப்பழக்கம், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் அதுவே அதிகம். அளவு மீறிப் போட்டாலும் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஈரல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். பிரிட்டனில் 1998லேயே இதற்குக் கடிவாளம் போட்டார்கள்: மருந்துக்கடையில் ஒரு பெட்டிக்கு 32 மாத்திரை, மளிகைக்கடையில் 16. அங்கேயும் அது ஓடிசிதான்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். பிராண்ட் பெயர் வேறு வேறாக இருக்கலாம், உள்ளே இருப்பது ஒரே மருந்தா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சளி மாத்திரை கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.