புறங்கைக்கு ஒரு கையுறை

கையுறை என்றாலே உள்ளங்கையைக் காப்பாற்றத்தான் என்று நமக்குப் பழகிவிட்டது. வெல்டிங் செய்பவர், முள்செடி வெட்டுபவர், விக்கெட் கீப்பர் என யாருடைய கையுறையை எடுத்தாலும் தடித்த பக்கம் உள்ளே இருக்கும். பாறைப் பிளவுகளில் ஏறுகிறவர்களின் கையுறையை முதல்முறை பார்ப்பவருக்கு, யாரோ திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். புறங்கையில் ரப்பர் தகடு. உள்ளங்கையில் ஒன்றுமில்லை, வெறுங்கைதான். விரல்களுக்கும் உறை கிடையாது. விரலடியைச் சுற்றிச் சின்ன வளையங்கள் மட்டும்.

காரணம், கிராக் கிளைம்பிங் எனப்படும் இந்தப் பிளவு ஏற்றம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இந்தியன் கிரீக் என்ற இடத்தில் செம்மணற்கல் சுவர்கள் கத்தியால் கீறியது போல மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கின்றன. அந்தச் சுவரில் பல இடங்களில் விரல் பதிக்க ஒரு விளிம்புகூடக் கிடைக்காது. இருப்பது அந்த இடைவெளி மட்டும்தான். எனவே கையையே ஆப்பாக மாற்றி உள்ளே செருகுகிறார்கள். இதற்கு ஜாம் என்று பெயர்.

படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். ஒரு கையை நேராக நீட்டுங்கள். இன்னொரு கையின் விரலால் கட்டைவிரலடிச் சதைமேட்டைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிப்பக்கம் நோக்கி மடக்குங்கள். சதை புடைத்துக் கல் மாதிரி ஆகும். தசை சுருங்கும்போது அதன் கனஅளவு குறைவதில்லை. நீளம் குறைந்தால் தடிமன் கூடியே ஆக வேண்டும். பிளவுக்குள் இதே வேலை நடக்கிறது. விரல்நுனிகளும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் ஒரு சுவரை அழுத்த, விரல் முட்டிகளும் புறங்கையும் எதிர்ச்சுவரை அழுத்துகின்றன. கை உள்ளே பூட்டிக்கொள்கிறது.

பூட்டு என்று சொன்னாலும் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் உராய்வுதான். ஒரு கையில் 20 கிலோ எடை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பு எவ்வளவு என்று காட்டும் எண், 0.5 என்றால், இரண்டு சுவர்களும் சேர்ந்து அந்த எடையைத் தாங்க ஒவ்வொரு சுவரையும் 20 கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்த வேண்டும். குணகம் 0.8 ஆக உயர்ந்தால் 12.5 கிலோ போதும். கணக்குக்காக எடுத்த எண்கள்தான் இவை. ஆனாலும் மிச்சமாகும் அந்த ஏழரை கிலோ, கட்டைவிரலடியில் இருக்கும் சின்னத் தசைகளின் உழைப்பு. முப்பதாவது ஜாமில் கை நடுங்குமா நடுங்காதா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

இனி தோலைப் பார்ப்போம். உள்ளங்கைத் தோல் தடிமனானது. அடியில் இருக்கும் நார்த்திசுவோடு இழை இழையாகக் கட்டப்பட்டிருப்பதால் இழுத்தாலும் அதிகம் நகராது. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள், கூடாரம் மாதிரி எழும்பும். மெல்லியது, தளர்வானது, கீழே கொழுப்பு மெத்தையும் குறைவு, உடனே நரம்பும் எலும்பும். பாறை ஒரு பக்கம் இழுக்க, உடல் எடை எலும்பை இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட தோல் ஓரளவு நீண்டு கொடுத்துவிட்டு அப்புறம் கிழிகிறது. அழுத்தத்தால் வரும் காயத்தைவிட இந்தப் பக்கவாட்டு இழுப்பால் வரும் காயம்தான் அதிகம். சொரசொரப்பான கிரானைட்டில் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். 20 கிலோ எடை மொத்தம் 8 சதுர மி.மீ. பரப்புள்ள நாலைந்து படிக முனைகளில் இறங்குவதையும், 10 சதுர செ.மீ. ரப்பர் வழியாகப் பரவி இறங்குவதையும் ஒப்பிட்டால், வித்தியாசம் 125 மடங்கு.

ரப்பர் இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மெத்தை. இன்னொன்று, பிடிப்பு. ரப்பர் பாறையின் சிறு மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்குகிறது. நழுவத் தொடங்கினால் ஒவ்வொரு மேட்டிலும் நசுங்கி மீள வேண்டும். நசுங்க வாங்கிய ஆற்றலை அது முழுசாகத் திருப்பித் தருவதில்லை. அந்த இழப்பும், மேற்பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதும் சேர்ந்ததுதான் ரப்பரின் பிடிப்பு. பள்ளிப் பாடத்தில் உராய்வுக்கும் தொடும் பரப்புக்கும் சம்பந்தமில்லை என்று படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. அழுத்தம் கூடினால் அதன் உராய்வுக் குணகம் குறையும். எனவே முட்டிகள்வரை அகலமாகப் பரந்த தகடு, நடுவில் மட்டும் ஒட்டிய சின்னத் துண்டைவிட நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் கையுறை தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் ரப்பரைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். பாறைக்கும் எலும்புக்கும் நடுவில் நழுவக்கூடிய இடங்கள் மூன்று: பாறையும் ரப்பரும் சந்திக்கும் இடம், ரப்பரும் துணியும் ஒட்டிய இடம், துணியும் தோலும் தொடும் இடம். எடை முழுக்க இந்த மூன்றின் வழியாகவும் போகிறது. எது பலவீனமோ அங்கேதான் நழுவும். எனக்கு முதல் கையுறை சொல்லிக்கொடுத்த பாடம் இது. வசதியாக இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். ரப்பர் பாறையை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டது. கை அதற்குள்ளேயே வழுக்கியது. கீழே வந்து கழற்றிப் பார்த்தால், ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை, மூன்று முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

ஆகவே இறுக்கம்தான் முதல் விஷயம். அதற்காகக் கையை விரித்து வைத்துப் போட்டுப் பார்த்து வாங்கினால் வேறு சிக்கல். கை மடங்கும்போது முட்டிகளின் மேல் புறங்கைத் தோல் நீள்கிறது. விரித்த கையில் கச்சிதமாகத் தெரியும் கையுறை, முஷ்டி பிடித்ததும் விரலிடுக்கில் அறுக்கும். முஷ்டி பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். விரல்நுனி வெளுத்தாலோ மரத்தாலோ வளையம் சின்னது. பிறகு கையைக் குவித்து, மேசை விளிம்பில் புறங்கையை அழுத்திக் கையை மணிக்கட்டுப் பக்கமாக இழுங்கள். ரப்பரும் தோலும் ஒன்றாக நகர்ந்தால் சரி. ரப்பர் மட்டும் தனியாக ஓடினால் அந்தக் கையுறை வேண்டாம். விலை, பெயர், நிறம் எல்லாம் இந்தச் சோதனைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மணிக்கட்டுப் பட்டை வெல்க்ரோவா கயிறா என்பது பெரிய விஷயமல்ல. அதன் முனை எங்கே முடிகிறது என்பது முக்கியம். புறங்கைப் பக்கம் முடிந்தால் பாறையில் உரசி உரசித் தானே பிரிந்துவிடும்.

அடுத்தது தடிமன். ரப்பரும் துணியும் சேர்ந்து 3 மி.மீ. என்று வையுங்கள். நடுத்தரமான கைக்கு 5 செ.மீ. அளவுள்ள பிளவு அருமையாகப் பொருந்தும். அங்கே இந்த 3 மி.மீ. தொந்தரவே இல்லை. இன்னும் கொஞ்சம் அகலமென்றால் அது வரம், புடைக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் கையுறையே செய்துவிடும். 4 செ.மீ.க்கும் கீழே போனால் கதை மாறுகிறது. வெறுங்கை முட்டி தாண்டி நுழையும் இடத்தில் கையுறை போட்ட கை முட்டியிலேயே நிற்கும். கட்டைவிரல் தசை வெளியே அநாதையாக இருக்கும். ஒல்லியான பிளவுகளில் அதிகம் ஏறுகிறவர் மெல்லிய ரப்பரையோ, ரப்பரே இல்லாத செயற்கைத் தோல் வகையையோ எடுப்பது நல்லது. செயற்கைத் தோலில் பிடிப்பு குறைவு. ஆனால் கையை உள்ளே நகர்த்திச் சரியான இடம் தேடுவது சுலபம். ஒட்டும் ரப்பர் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

இந்தக் கையுறைகள் வருவதற்கு முன்பு பெரும்பாலும் கையில் ஒட்டு டேப்தான் சுற்றினார்கள். பலர் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள், காரணமும் இருக்கிறது. ஜிங்க் ஆக்சைடு டேப் (காயக்கட்டுக்குப் பயன்படும் துணி டேப்) தோலில் நேராக ஒட்டிக்கொள்வதால், நான் சொன்ன அந்த மூன்றாவது நழுவல் அங்கே ரொம்பக் குறைவு. கனமும் குறைவு. 38 மி.மீ. அகல டேப்பை முஷ்டி பாதி மூடிய நிலையில் புறங்கையில் பட்டை பட்டையாக ஒட்டி, விரலடிகளைச் சுற்றிக் கொண்டுவந்து, கடைசியில் மணிக்கட்டில் முடிக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, கூரை ஓட்டின் வரிசைபோல முட்டிப் பக்கத்துப் பட்டை மேலே வரும்படி அடுக்கினால், எடை இறங்கும்போது மணிக்கட்டுப் பக்கத்து விளிம்பு பாறையில் மாட்டி உரியத் தொடங்கும். முட்டியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பட்டையின் அந்த விளிம்பையும் மற்றொரு பட்டை மூடும்படி ஒட்டினால் நிலைக்கும். முடி அதிகமிருந்தால் முந்தின நாளே மழித்துவிடுவது உத்தமம். மாலையில் பிய்க்கும்போதுதான் தெரியும் ஏன் என்று.

கையுறை போடுவது ஏமாற்று வேலை, வலிதான் இந்த விளையாட்டின் நேர்மை என்று ஒரு கட்சி உண்டு. ஒட்டும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணிகள் 1980களின் தொடக்கத்தில் வந்து பாறையேற்றத்தையே மாற்றின. அதைக் கழற்றி எறியச் சொல்லி அந்தக் கட்சி கேட்டதாகத் தெரியவில்லை. காலில் சரி, கையில் தப்பு என்பது எனக்குப் புரியவில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரப்பரில் மண்ணும், வியர்வைக்காகக் கையில் பூசும் சாக் பொடியும் படிந்தால் பாறையைத் தொடுவது ரப்பர் அல்ல, தூசி. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயிலில் காய்கிற காருக்குள் விட்டுவைத்தால் ரப்பர் இறுகும், ஒட்டுப் பசையும் விளிம்பிலிருந்து விடத் தொடங்கும்.

கையுறை உதவாத இடமும் உண்டு. பிளவு 2 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கினால் உள்ளே போவது விரல்கள் மட்டும். அங்கே விரலடி வளையம்கூட இடைஞ்சல்தான். அப்படி ஒரு பகுதி மேலே வரப்போகிறது என்று தெரிந்தால், ஏறுகிறவர்கள் அதற்குக் கீழே நல்ல ஜாம் ஒன்றில் ஒரு கையைப் பூட்டி நின்றுகொண்டு, மற்ற கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்துப் பிரிக்கிறார்கள். கழன்ற கையுறை இடுப்புப் பட்டையில் தொங்கும்.